ஐம்பதுக்குக் கீழே

என் வீட்டுக்காரர் தராசு பழுது பார்ப்பவர். கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு, லாரியை ஏற்றி நிறுத்தும் தராசு, பச்சைக் குழந்தையைப் படுக்கவைத்து நிறுக்கும் தராசு என்று எதையும் விட்டுவைத்ததில்லை. நிறுவனத்தில் அவருக்கு வைத்த பெயர் கிராம். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் சரிபார்த்த சீட்டில் கையெழுத்துப் போட மாட்டார். கடைக்காரர்கள் கெஞ்சுவார்கள், குளிர்பானம் வாங்கிக் கொடுப்பார்கள், மேலதிகாரிக்குப் போன் போடுவார்கள். மனிதர் அசைய மாட்டார். வீட்டிலும் அதே கதைதான். ரெண்டு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வந்தால், வாசலில் நின்றுகொண்டு "அஞ்சு" என்பார். இப்படிப்பட்டவரோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். எனக்குப் பொறுமை போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்குத் துணி திருத்தும் கடை. புதிதாக எதுவும் தைப்பதில்லை. பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவேன், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பேன். மாடிப்படிக்குக் கீழே, சாவி செய்பவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஒரு மிஷினும் ஒரு கண்ணாடியும் கொள்ளும் இடம். ஆள் உள்ளே நுழையும்போதே இடுப்பு எத்தனை இஞ்ச் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் ஏமாந்த கதை வரப்போகிறது, அதற்காகச் சொல்கிறேன்.

அவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது எடை அறுபத்தொன்று. அதற்கு முந்தைய வருடம் எழுபத்திரண்டு. அறுவை செய்ய முடியாத இடம் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்ப் படுத்து, கையில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முதல் நாளே டாக்டர் என்னிடம், "எடை விழாம பாத்துக்கங்க. அம்பதுக்குக் கீழ போயிட்டா உடம்பு மருந்தைத் தாங்கறது கஷ்டம்" என்றார். அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். என் தலையில் நின்றது ஐம்பது மட்டும்தான். ஐம்பதுக்கு மேலே இருந்தால் இவர் இருப்பார், கீழே போனால் போய்விடுவார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நானாகத்தான் அப்படி முடிவு கட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எடை பார்ப்பது என்று ஆனது. எங்கள் வீட்டுத் தராசு ஏறி நின்றால் முள் சுற்றுகிற பழைய வகை. யாரோ தூக்கிப்போட இருந்ததை அவர் கொண்டுவந்து உயிர் கொடுத்தது. குளியலறைக்கு வெளியே சுவரோரமாகக் கிடக்கும். அவர் ஏறி நிற்பார், நான் குனிந்து முள்ளைப் பார்ப்பேன். அறுபது. ஐம்பத்தெட்டரை. ஐம்பத்தேழு. முள் அரைக்கோடு இறங்கினால் அன்றைக்கு எனக்குச் சாமி வந்துவிடும். பாலில் முட்டை அடித்துக் கொடுப்பேன். சூப்பில் வெண்ணெய் போடுவேன். வாழைப்பழத்தை மசித்துத் தேன் ஊற்றி, கரண்டியோடு பக்கத்தில் நிற்பேன். நான்கு மாதமாக நான் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அவர் தட்டில் மிச்சம் வைத்ததை நின்ற வாக்கில் வாயில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுவேன்.

"இன்னும் ஒரே ஒரு வாய்."

"முடியலடி. வாயில எடைக்கல்லை வச்ச மாதிரி இருக்கு. எல்லாம் இரும்பு ருசி."

"ருசி பாக்கவா சாப்பிடறீங்க? மருந்துன்னு நினைச்சு முழுங்குங்க."

"முழுங்கினா வெளிய வருது."

"வந்தா மறுபடி முழுங்குங்க."

இதை இப்போது எழுதும்போது எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு அது அன்பு என்று நினைத்தேன். ஒருநாள் அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தட்டைக் கழுவும் தொட்டியில் எறிந்தேன். தட்டு உடையவில்லை, எவர்சில்வர். அது உருண்ட சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. என் நாத்தனார் போனில், "அண்ணன் சின்ன வயசுலயே சாப்பாட்டுல பிடிவாதம், நீங்கதான் அண்ணி கண்டிப்பா இருக்கணும்" என்று தூபம் போட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கென்ன, அவள் இருப்பது எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால்.

ஐம்பத்து மூன்றில் முள் நின்றது. மறுநாளும் ஐம்பத்து மூன்று. அதற்கு அடுத்த நாள் ஒரு நூல் அளவு ஏறியிருந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்றாவது வாரமும் ஐம்பத்து மூன்றை விட்டு அது நகரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனாருக்கு நானே போன் போட்டு, வெண்ணெய் போட்டதால்தான் நின்றது என்று பீற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எடுத்த எடையும் அதுதானாம், அவரே சொன்னார். அங்கே அவரை நிறுக்கும் நேரத்தில் நான் மருந்து வாங்கும் வரிசையில் நிற்பேன்.

"எடைதான் நிக்குதில்ல, இனிமே கொஞ்சம் விட்டுடேன்" என்றார். நானும் விட்டேன். கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் அரைக்கிண்ணம் சூப்பை மெதுவாகக் குடித்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். வீட்டில் சத்தம் குறைந்தது. ஒருநாள் எனக்கும் ஒரு ஆசை வந்து அந்தத் தராசில் ஏறிப் பார்த்தேன். அறுபத்து நான்கு. கல்யாணமான நாளிலிருந்து ஒன்றிரண்டு கூடக்குறைய நான் அறுபத்து நான்குதான். என் உடுப்பு இடுப்பில் நிற்காமல் ஒரு ஊக்கு குத்தியிருந்தேன். இழுத்து இழுத்து எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் அளவு எடுப்பவள் தன் இடுப்பில் டேப் வைத்துப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது அவருடைய கால்சட்டைகளைத் துவைக்க எடுத்தேன். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. ஆணி வைத்துக் குத்தியதல்ல, அவருடைய பட்டறைக் கருவியால் அளந்து, வரிசை பிசகாமல் போட்ட ஓட்டைகள். அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது டேப்பை எடுத்துப் போர்வைக்கு மேலாகவே இடுப்பைச் சுற்றிப் பார்த்தேன். போர்வையோடு சேர்த்தே இருபத்தேழு. ஒரு மாதத்துக்கு முன் நானே பிடித்துக் கொடுத்தபோது முப்பது. இடுப்பு மூன்று இஞ்ச் போயிருக்கிறது, எடை ஒரு நூல்கூடப் போகவில்லை. என் கடையில் இப்படி ஒரு அதிசயம் நடந்ததே கிடையாது.

சமையலறையில் பிரிக்காத பத்துக் கிலோ மாவு மூட்டை இருந்தது. இழுத்துக்கொண்டு வந்து தராசில் வைத்தேன். முள் பத்தைத் தாண்டி, பதினொன்றையும் தாண்டி நின்றது. மூட்டையை இறக்கினேன். முள் சமர்த்தாகப் பூஜ்யத்துக்கு வந்தது. கிராம் செய்த வேலை. கைதேர்ந்த வேலை. வெறும் தராசில் குற்றமே தெரியாது, பாரம் ஏறினால்தான் பொய் சொல்லும். தன் உடம்பு இறங்க இறங்க, திருகாணியைத் திருகித் திருகி முள்ளை அங்கேயே பிடித்து வைத்திருக்கிறார். ஊரில் ஒரு தராசைத் தப்பாக விட்டுவைக்காத மனுஷன்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் வந்தது. எழுப்பி உலுக்கியிருப்பேன். ஆனால் எனக்கு இன்னொரு குணம் உண்டு, பிடித்தால் கையும் களவுமாகத்தான் பிடிப்பேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில், நாலு பேர் முன்னால், இவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த நான்கு நாளும் காலையில் குனிந்து, "அம்பத்து மூணு" என்று நானும் வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை எங்களை உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எடை நிற்பதால் பாராட்டி அனுப்புகிறார்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது காரணம் தெரியும். பஸ்ஸில் போகும்போதே அவர் தப்பிக்க வழி பண்ண ஆரம்பித்துவிட்டார்.

"ஆஸ்பத்திரித் தராசையெல்லாம் நம்பக் கூடாது. யாரும் சரியா பாத்துக்கறதில்ல. அஞ்சு ஆறு கிலோ கூட வித்தியாசம் காட்டும்."

"அப்படியா" என்றேன்.

"நம்ம வீட்டுத் தராசு மாதிரி வராது."

"வரவே வராது" என்றேன்.

இரண்டாவது மாடியில், திரைச்சீலை போட்ட சின்ன அறை. நர்ஸ் அவரைத் தராசில் ஏறச் சொன்னாள். நான் மருந்து வரிசைக்குப் போகாமல் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்து, "நீ போய் வரிசையில நில்லு, கூட்டம் சேந்துடும்" என்றார். "சேரட்டும்" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நம்பர் ஓடி நின்றது. நாற்பத்தேழு.

நான் இடுப்பில் கைவைத்து, அவர் வாயிலிருந்து வரப்போகும் பொய்க்காகக் காத்திருந்தேன். அவரும் வாயைத் திறந்தார். "இந்தத் தராசு..." என்று தொடங்கிக் கீழே பார்த்தவர் நிறுத்திவிட்டார். நானும் பார்த்தேன். தராசின் ஓரத்தில் சரிபார்த்த சீட்டு ஒட்டியிருந்தது. தேதி பதினோரு மாதத்துக்கு முந்தையது. தேதிக்குக் கீழே, இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரிந்த, மூன்று வளைவும் ஒரு புள்ளியுமாக அவருடைய கையெழுத்து. இருபது கிலோ இரும்புக் கற்களை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வந்து சோதித்துவிட்டு ஒட்டியிருக்கிறார். அப்போதே கட்டி உள்ளே இருந்திருக்கும்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் நர்ஸ்.

அவர் குனிந்தபடியே நின்றார். அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொய் போதும், தப்பித்திருப்பார். "ஒண்ணுமில்ல. இது சரியான தராசு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "வீட்டுல இருக்கறதுதான் தப்பு" என்றார்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனங்கள் எதுவும் வெளியே வரவில்லை. நாற்பத்தேழு என்றால் ஐம்பது போய் எத்தனை நாளாகியிருக்கும் என்று மட்டும் யோசித்தேன். ஐம்பதைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் பொங்கிப் பொங்கிப் போட்ட நாட்களில் அது எப்போதோ போயே போய்விட்டது. போன பிறகும் இந்த மனுஷன் சூப் குடித்திருக்கிறார், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், தராசைத் திருகியிருக்கிறார். நர்ஸ் எனக்கு நாற்காலி போட்டாள்.

உணவு ஆலோசகர் நடுவயதுப் பெண். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிறவர். எங்களை நன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் முதலில் பேசினார்.

"நீங்க என்னென்ன குடுக்கறீங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். பால், முட்டை, வெண்ணெய், தேன், மணிக்கணக்கு, கரண்டிக்கணக்கு. சொல்லி முடித்துவிட்டு, "இன்னும் என்ன குடுக்கணும்?" என்றேன்.

"நீங்க குடுத்ததுல குறை ஒண்ணும் இல்லம்மா. இது பட்டினியில இளைக்கற மாதிரி இல்ல. இந்த நோயில உடம்பே தன் சதையை எடுத்துச் செலவு பண்ணும். பசிக்கற உணர்வையும் கெடுத்துடும். எவ்வளவு ஊட்டினாலும் பழைய மாதிரி ஏறாது. நீங்க சரியா ஊட்டலன்னும் இல்ல, இவர் பிடிவாதம் பிடிக்கறார்னும் இல்ல."

"அப்ப இத்தனை நாள் நான் அவரை அடிக்காத குறையா ஊட்டினதெல்லாம்?"

ஆலோசகர் குமட்டல் குறைய மாத்திரை தரச் சொல்லி டாக்டருக்குச் சீட்டு எழுதினார். இரும்பு ருசிக்கு எவர்சில்வர் கரண்டியை விட்டுவிட்டு மரக்கரண்டி அல்லது பிளாஸ்டிக் கரண்டி, சூடாகக் கொடுப்பதைவிட ஆறினது, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக, அவருக்கு எது பிடிக்கிறதோ அது. முடிந்தபோது வீட்டுக்குள் நாலு நடை. தினமும் எடை பார்ப்பது வேண்டாம், தேவையானபோது நாங்கள் இங்கே பார்த்துக்கொள்கிறோம், மருந்தின் அளவையும் டாக்டர் அதற்கேற்ப மாற்றிக்கொள்வார் என்றார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போனா நல்லா இருக்கும்? எடையை விடுங்க."

நடக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார். எதையும் அளந்துதான் பேசுவார்.

"சாப்பிடும்போது இவ என் வாயைப் பாக்காம இருந்தா நல்லா இருக்கும். முன்ன எல்லாம் எதிர்ல உக்காந்து சாப்பிடுவா. கடைக்கு யார் வந்தா, யார் என்ன பேசினாங்கன்னு சொல்லுவா. நாலு மாசமா ஒண்ணும் சொல்றதில்ல."

அவ்வளவுதான். அந்த அறையில் அழக் கூடாது என்று முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த பழங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எங்களுக்கு ஏழு மாதம் கிடைத்தது. அன்றைக்கு அது தெரியாது. கிடைத்ததில் ஒரு நாளைக்கூட இனி கரண்டியால் கெடுக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொள்வார் என்று பார்த்தால், கருவிப்பெட்டியைக் கேட்டார்.

"எதுக்கு? அதைத் தூக்கிப் போட்டுடலாம். அதான் இனிமே பாக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கல்ல?"

"பாக்க வேண்டாம். ஆனா தப்பான தராசு வீட்டுல இருக்கக் கூடாது. நான் கெடுத்தது, நான்தான் சரி பண்ணணும்."

தரையில் தலையணை போட்டு உட்கார வைத்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில் ஐந்து கிலோ இரும்புக் கற்கள் நான்கு இருந்தன. அவரால் ஒன்றைக்கூட அசைக்க முடியவில்லை. நான் தூக்கி வைத்தேன். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது. அவர் தராசின் அடியில் கைவிட்டுத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். இறக்கு என்பார், இறக்குவேன். ஏற்று என்பார், ஏற்றுவேன். கடைசியில் முள் நான்கு கற்களுக்கும் நான்கு கோடுகளில் பிசகாமல் நின்றது. மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்துகொண்டார். முகத்தில் பழைய கிராம் கொஞ்சம் தெரிந்தது.

"இருபது வரைக்கும் சரி. மேல எப்படி காட்டுதுன்னு பாக்கணும். நீ ஏறு. உன் எடைதான் எனக்குத் தெரியுமே, அறுபத்து நாலு."

ஏறினேன். அவர் குனிந்து பார்த்தார். "அசையாம நில்லு" என்றார். நின்றேன். இறங்கச் சொல்லிவிட்டுக் கற்களை மறுபடி ஏற்றச் சொன்னார். இருபது, சரியாக இருபது. மறுபடி என்னை ஏறச் சொன்னார்.

"என்ன, இன்னும் தப்பா காட்டுதா?"

"இல்ல" என்றார். "தராசு சரியா இருக்கு. நீ அம்பத்தாறரை."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. போன வாரம்கூட அறுபத்து நான்கு பார்த்தேனே என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது. அவருக்காகத் திருகிய தராசு எனக்கும் சேர்த்துப் பொய் சொல்லியிருக்கிறது. என் இடுப்பிலிருந்த ஊக்கில் கை போனது. அவர் அதையும் பார்த்தார். அந்த நோய் வந்த நாளிலிருந்து நான் அவரைப் பார்த்த அளவுக்கு அவர் என்னைப் பார்த்ததில்லை. இப்போது தரையில் உட்கார்ந்தபடி தலை நிமிர்த்தி, கழுத்து, தோள், கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீ எப்ப சாப்பிடறே?" என்றார்.

"உங்க தட்டுல மீதி இருக்கறதை..."

"நான் எவ்வளவு வைப்பேன்?"

"நிறைய வைப்பீங்க" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "ஏழரைக் கிலோடி" என்றார். "நான் வீட்டுல உக்காந்துகிட்டே கவனிக்கல பாரு." பையிலிருந்து ஒரு சரிபார்த்த சீட்டு எடுத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, தராசின் ஓரத்தில் ஒட்டினார். நான் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

சாயங்காலம் மேஜையில் இரண்டு தட்டு வைத்தேன். அவருக்கு ஆறின சூப், மரக்கரண்டி, அரை வாழைப்பழம். எனக்கு ரொட்டி, முட்டை, வெண்ணெய். எதிரே உட்கார்ந்தேன். அவர் வாயைப் பார்க்காமல் இருப்பது சுலபமில்லை. கழுத்தே அந்தப் பக்கம் திரும்பப் பழகியிருந்தது. ஆறு கரண்டி குடித்தார். நான் எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன், எண்ணிவிட்டேன். கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

"போதும்."

"சரி" என்றேன். நான்கு மாதத்தில் அந்த வார்த்தையை அந்த மேஜையில் நான் சொல்லியதே இல்லை.

எழுந்து போய்ப் படுப்பார் என்று நினைத்தேன். போகவில்லை. கன்னத்தில் கையூன்றிக்கொண்டு என் தட்டைப் பார்த்தார். நான் ரொட்டியைக் கடித்தால் பார்வை கூடவே மேலே வந்தது, முழுங்கினால் கூடவே கீழே போனது.

"என் தட்டையே பாக்காதீங்க. இறங்க மாட்டேங்குது."

"இப்ப தெரியுதா?" என்றார்.

"தெரியுது, தெரியுது. அந்தப் பக்கம் திரும்புங்க."

"அப்ப கடைக்கு யார் வந்தான்னு சொல்லு."

சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கால்சட்டையைக் கொண்டுவந்து, துவைத்துத் துவைத்துத் துணி சுருங்கிவிட்டது என்று பிரித்துவிடச் சொல்பவர் ஒருவர் உண்டு. அன்றைக்கு முந்தின நாள் வந்து, பெல்ட்டும் சுருங்கிவிட்டது என்றார். என் வீட்டுக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார், சிரித்து இருமி, தண்ணீர் குடித்தார். கதை கேட்ட சந்தோஷத்தில் இன்னும் ஒரு வாய் சூப் குடித்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். குடிக்கவில்லை. நான்தான் இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.